கட்டாத வீட்டுக்குள் நடை

செப்டம்பர் 28, ஞாயிறு

கம்ப்யூட்டருக்கு வாங்கின கிராஃபிக்ஸ் கார்டு வந்துவிட்டது! கீழே கடையில் நின்று கூரியர்காரர் "பிரம்மசக்திங்கிறது யாரு?" என்று கேட்டதுதான் தாமதம், மாடியிலிருந்து நான் இறங்கிய வேகத்தைப் பார்த்து மனுஷர் இரண்டடி பின்னால் போய்விட்டார்.

பெட்டியைப் பிரித்து மேஜைமேல் வைத்துப் பார்த்தேன். ஒரு செங்கல் கனம். மூன்று காற்றாடி. அடியில் தங்க நிறத்தில் ஒரு பல்வரிசை, மதர்போர்டில் சொருகும் இடம். அழகென்றால் அப்படி ஒரு அழகு. கீழே மோட்டார் வைண்டிங் வேலையைப் போட்டுவிட்டு என் வீட்டுக்காரரும் ஏறி வந்தார். புரட்டிப் பார்த்துவிட்டு, "இதென்ன ஏட்டி, மூணு ஃபேனு? இதுக்கே ஏ.சி. போடணும் போலயே" என்றார். இசக்கியப்பன் என்று பேர் வைத்தவர்கள் வாய்க்கும் சேர்த்து ஒரு பூட்டு வைத்திருக்கலாம்.

இன்ஜினியர்கள் கோடு போட்டுத் தரும் பிளானை, கட்டி முடித்த வீடு மாதிரி கம்ப்யூட்டரில் எழுப்பிக் காட்டுவது என் தொழில். முன்பெல்லாம் நாலு படம் போதும். இப்போது தென்காசிக்காரர்களுக்கு அது பத்தவில்லை. மவுசைப் பிடித்து வீட்டுக்குள் நடந்து பார்க்க வேண்டும் என்கிறார்கள். நடக்க நடக்க ஒவ்வொரு நொடிக்கும் புதுசு புதுசாகப் படம் வரைந்து தள்ளுவது இந்தக் கார்டின் வேலை. பழைய கார்டு, ஹாலில் ஒரு சோபாவைப் போட்டாலே மூச்சு வாங்கியது.

அக்டோபர் பதினொன்றாம் தேதி பாக்கியத்தாய் டீச்சருக்கு அவர் கட்டப்போகும் வீட்டைச் சுற்றிக் காட்ட வேண்டும். இன்ஜினியர் சேவியர் சார் கூடவே வருகிறார். அவருக்குத் திருப்தி என்றால் இனி அவர் வேலை மொத்தமும் எனக்கு. இல்லையென்றால் மதுரைக் கம்பெனிக்கு. மதுரைக்குப் போனால் நான் என் மாடிக் கடையைச் சாத்திவிட்டுப் பழையபடி பாளையங்கோட்டை ஆபீசுக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். ஜூனில் வேலையை விட்டபோது அந்த முதலாளி சிரித்துக்கொண்டே "போயிட்டு வாம்மா, சீட்டு காலியாத்தான் இருக்கும்" என்றார். அந்தச் சிரிப்பை மறுபடி பார்ப்பதைவிட முச்சந்தியில் வடை சுட்டுப் பிழைத்துக்கொள்வேன்.

இன்றைக்கே மாட்டலாம் என்றால் இவர் விடவில்லை. "புது மெஷினு. ஆயுத பூஜை வருதுல்லா? பூஜை போட்டுட்டு ஓட்டு." எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

செப்டம்பர் 30, செவ்வாய்

கார்டோடு வந்த காகிதத்தையும் இணையத்தில் கிடைத்ததையும் படித்தேன். கடைக்காரர் போனில் "மெமரி எட்டு ஜி.பி. மேடம், எட்டு ஜி.பி." என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தார். நகை வாங்கப் போனால் பெட்டியின் அளவைச் சொல்லுகிற கதைதான். உள்ளே கணக்குப் போடும் கோர்கள் எத்தனை, அவை என்ன வேகம், மெமரியிலிருந்து அவற்றுக்குப் போகும் பாதை எவ்வளவு அகலம், சூடு தாங்குமா, கரண்ட் போதுமா, எல்லாம் சேர்ந்துதான் வேகம். இவரிடம் விளக்கிச் சொன்னேன். தூங்கிவிட்டார்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. காலையிலிருந்து கடை கழுவி, மோட்டார்களைத் துடைத்து, பொரி, கடலை, சுண்டல், பூசணிக்காய் என்று ஒரே அமளி. கீழே இருக்கும் ஸ்பேனர் முதல் கோடாலி வரை எல்லாவற்றுக்கும் இவர் பொட்டு வைத்தார். என் மேஜைக்கு வருவதற்குள் யாரோ பம்ப்செட் ஆள் வந்து பேச்சில் இழுத்துக்கொண்டார்.

சரி, என் கருவிக்கு நானே வைத்துக்கொள்கிறேன் என்று உட்கார்ந்தேன். கறுப்பு உடம்பில் வைத்தால் எடுப்பாக இல்லை. தங்கப் பல்வரிசையில் மூன்று சந்தனப் பொட்டு, நடுவில் துளி குங்குமம். பார்க்கக் கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். நாத்தனார் நாலு இதயம் போட்டிருக்கிறாள். என்றைக்கும் ஒன்றுக்கு மேல் போடாதவள்.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து, கறுப்பு உடம்பை மட்டும் சும்மா ஒரு துணியால் துடைத்து, இவர் கையாலேயே கார்டைச் சொருகச் சொன்னேன். "கொஞ்சம் இறுக்கமா இருக்கு" என்று அமுக்கினார். காற்றாடி சுற்றியது. கை தட்டினோம்.

டீச்சர் வீட்டைத் திறந்தேன். வாசல் அருமை. ஹால் அருமை. அடுப்படிப் பக்கம் திரும்பினேன், படம் அப்படியே உறைந்து நின்றது. பிறகு ஒரு குதி. மறுபடி நிற்கும். மறுபடி குதி.

முதல் நாள்தானே. பழகும்.

அக்டோபர் 3, வெள்ளி

பழகவில்லை.

டிரைவர் மென்பொருளை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். பிரயோஜனமில்லை. கடைக்காரருக்குப் போன் போட்டால், "மானிட்டர் வயரை மதர்போர்டுல சொருகிட்டீங்களா மேடம்? கார்டுல சொருகணும்" என்கிறார். நான் என்ன நேற்றா கம்ப்யூட்டரைப் பார்த்தேன்? நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிட்டு வைத்தேன். வைத்த பிறகு மேஜைக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன், சும்மா. வயர் சரியாகத்தான் இருந்தது.

அக்டோபர் 4, சனி

"சூடாயிருக்கும். சூடானா எந்த மெஷினும் வேகத்தக் குறைச்சுக்கிடும்" என்றார் இவர். பேச்சில் நியாயம் இருந்தது. கம்ப்யூட்டர் பெட்டியின் கதவைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்தோம். இருந்தது ஒரே ஃபேன். ஒரு மணி நேரத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் வேர்த்துக் கொட்டியது. கார்டின் சூடு ஐம்பத்தைந்து டிகிரி, சுகமாகக் காற்று வாங்கிக்கொண்டிருந்தது.

அக்டோபர் 5, ஞாயிறு

இன்று கரண்ட் மேல் சந்தேகம். மீட்டர் வைத்துப் பார்த்தார், கீழேயிருந்து ஸ்டெபிலைசரைத் தூக்கி வந்தார், இடுப்பைப் பிடித்துக்கொண்டார். தைலம் தேய்த்துவிட்டேன். இடுப்பு தேவலை. கார்டு அப்படியேதான்.

அக்டோபர் 6, திங்கள்

மெமரி நிறைந்துபோயிற்றோ என்று டீச்சர் வீட்டில் கை வைத்தேன். திரைச்சீலையை எடுத்தேன். டைல்ஸ் படத்தின் தரத்தைக் குறைத்தேன். பூந்தொட்டிகளை எடுத்தேன். ஹால் இப்போது ஜப்தி பண்ணின வீடு மாதிரி இருக்கிறது. திரும்பினால் இன்னும் குதிக்கிறது.

ஒன்று மட்டும் விசித்திரம். கார்டு எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் கணக்கில் இருபது சதவீதத்தைத் தாண்டவில்லை. அத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு ஈ ஓட்டுகிறது! எனக்கு அழுகை வந்துவிட்டது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன், அதனாலும் இருக்கலாம்.

பதினொன்றாம் தேதிதான் கெடு. சேவியர் சார் "ரெடியாம்மா?" என்று மெசேஜ் போட்டிருக்கிறார். "ஜோராப் போயிட்டிருக்கு சார்" என்று பதில் போட்டேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

சாப்பிடும்போது இவர் கேட்டார்.

"ஒரே எடத்துல நின்னா நல்லா இருக்கா?"

"இருக்கு."

"திரும்புனாத்தான் இழுக்கு?"

"ஆமா. புது ரூமுக்குள்ள போனா இழுக்கு."

"அப்பம் மோட்டாரு நல்லாத்தான் இருக்கு. தண்ணி வரத்துதான் இல்ல. பத்து எச்.பி. மோட்டாரப் போட்டு அரை இஞ்ச் பைப்புல இழுத்தா என்ன வரும்? காத்துதான் வரும்."

ஃபேனும் ஸ்டெபிலைசரும் சொன்ன வாய்தானே இது! "கிணத்து வேலைய கிணத்தோட வச்சுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன். அவர் கடைக்கு இறங்கியதும் மாடிக்கு ஓடினேன்.

புது அறைக்குள் நுழையும்போது அந்த அறையின் படங்களெல்லாம் கம்ப்யூட்டரிலிருந்து கார்டுக்குப் போக வேண்டும். போகிற வழி அந்தத் தங்கப் பல்வரிசைதான். அதில் பதினாறு பாதை. கார்டின் ஜாதகத்தையே காட்டும் ஒரு சின்ன புரோகிராம் உண்டு. இறக்கிப் பார்த்தேன். "இருப்பது 16. ஓடுவது 1" என்கிற மாதிரிப் போட்டிருந்தது.

பதினாறில் ஒன்று! மற்ற பதினைந்தும் எங்கே போய்த் தொலைந்தன?

அக்டோபர் 8, புதன்

கார்டைக் கழற்றினோம்.

பல்வரிசையில் சந்தனம் காய்ந்து பொறுக்குத் தட்டியிருந்தது. அதற்கு மேல் செக்கச்செவேலென்று குங்குமம். இவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி அதைப் பார்த்தார்.

"யாரு வச்சதுன்னு இப்ப எதுக்கு ஆராய்ச்சி? பூஜைன்னா ஆயிரம் கை நடமாடும்" என்றேன்.

"ஆயிரம் கை இல்ல ஏட்டி, ரெண்டு கைதான். ரெண்டுலயும் வளையல் கெடந்துச்சு. ஸ்டேட்டஸ்ல நானும் பாத்தேன்."

சொருகும்போது இறுக்கமாக இருக்கிறது என்று தெரிந்தும் அமுக்கினவர் அவர்தான். அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மொபைல் ரிப்பேர் கடைக்குப் போய் போர்டு துடைக்கிற ஸ்பிரிட் வாங்கி வந்தார். அவர் துடைக்க, நான் வெள்ளை ரப்பரால் மெல்லத் தேய்க்க, மதர்போர்டுப் பள்ளத்தில் விழுந்த தூளைப் பஞ்சில் ஒற்றியெடுக்க, காலைப் பொழுது அதிலேயே போயிற்று. இரண்டு பேரும் தலையோடு தலை முட்டும்படி குனிந்து உட்கார்ந்திருந்தோம். கடைக்கு வந்த ஆள் கீழேயிருந்து கூப்பிட்டபோது, "பொறவு வாங்க, ஒரு ஆபரேசன் நடக்கு" என்று கத்தினார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மாட்டினோம். 16. பதினாறும்!

டீச்சர் வீட்டுக்குள் ஓடினேன். ஹால், அடுப்படி, மாடிப்படி, மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டி வரைக்கும் ஓடினேன். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல அப்படி ஒரு வழுக்கல். இவருக்கு மவுசைக் கொடுத்தேன். நேராகக் கக்கூசுக்குள் போய் பைப் லைன் சரியா என்று பார்த்தார்.

அக்டோபர் 9, வியாழன்

திரைச்சீலை, பூந்தொட்டி, டைல்ஸ் எல்லாவற்றையும் திரும்பப் போட்டேன். கார்டு அசரவில்லை. நாத்தனாரிடம் போனில் பொட்டு விஷயத்தை யாரோ சொல்லியிருக்கிறார்கள். யாரென்று தெரியும். இன்று சாம்பாரில் அவருக்குப் பிடிக்காத பாகற்காய்.

அக்டோபர் 11, சனி

எங்கே தொடங்குவது?

பதினொரு மணிக்கு சேவியர் சார் வந்தார். பின்னாலேயே பாக்கியத்தாய் டீச்சர். மூட்டு ஆபரேஷன் ஆனவர், வாக்கர் வைத்துத்தான் நடக்கிறார். மாடிக்கு ஏற முடியாது என்று கம்ப்யூட்டரையே கீழே கடைக்கு இறக்கி, மோட்டார்களுக்கு நடுவில் வைத்திருந்தோம். முப்பத்தாறு வருஷம் கணக்கு டீச்சர். ஊர் ஊராக மாற்றல், எல்லாமே வாடகை வீடு. சொந்த வீடு என்று ஒன்று இப்போதுதான்.

மவுசை நான் பிடித்துச் சுற்றிக் காட்டலாம் என்று உட்கார்ந்தேன். டீச்சர் கையை நீட்டினார். "எங்கிட்ட குடு பிள்ள. எம் வீட்டுக்குள்ள நானே போறேன்."

போனார். முதலில் சுவரில் முட்டினார், பிறகு பிடிபட்டுவிட்டது. ஹாலில் ஒரு சுற்று. அடுப்படியில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேல் ஜன்னல், அதன் வழியாக வேப்பமரம். நின்றுவிட்டார். "இத்தன வருசமும் செவுத்தப் பாத்துத்தான் பாத்திரம் வெளக்குனேன்" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். சேவியர் சார் என்னைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினார். வேலை கைக்குள் வந்துவிட்டது என்று நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன்.

அப்போது டீச்சர் கேட்டார்: "இதுக்குள்ள நடக்கது யாரு? நானா?"

"ஒரு சராசரி ஆள் டீச்சர்."

"நான் சராசரி இல்லல்லா. எம் வாக்கரையும் சேத்துக்கிட முடியுமா?"

முடியும். நடக்கிற ஆளின் அகலம் ஓர் எண்தான். டேப்பை எடுத்து வாக்கரை அளந்து அந்த எண்ணை மாற்றிக் கொடுத்தேன். டீச்சர் படுக்கையறையிலிருந்து குளியலறைக்குப் புறப்பட்டார். நடுவில் ஒரு சின்ன இடைவழி, அதில் ஒரு திருப்பம். அங்கே நின்றுவிட்டார். மவுசைத் தள்ளினார். இன்னொரு தடவை தள்ளினார்.

"இடிக்கி" என்றார்.

 சேவியர் சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கம்ப்யூட்டர்ல அப்பிடித்தான் டீச்சர், சில நேரம் மாட்டும். சாஃப்ட்வேர் கோளாறு. என்னம்மா?" என்று என் பக்கம் திரும்பினார்.

"ஆமாம் சார்" என்ற இரண்டு வார்த்தை போதும். சொல்லியிருந்தால் வேலை என்னுடையது. போன வாரமாக இருந்தால் கார்டு மேல் பழியைப் போட்டிருப்பேன், பொய்யும் ஆகியிருக்காது. இன்றைக்கு அந்தக் கார்டில் ஒரு குறையும் இல்லை. பாவி மகளுக்கு அந்த நேரம் பார்த்தா அது இவ்வளவு ஒழுங்காக ஓட வேண்டும்! டீச்சர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ராத்திரி அவசரமாக எழுந்து அந்தத் திருப்பத்தில் வாக்கரோடு அவர் மாட்டி நிற்பது எனக்குத் தெரிந்தது.

"இல்ல சார்" என்றேன். "கோளாறு இல்ல. அளவு உங்க பிளான்ல உள்ளதுதான். வாக்கர் திரும்பாது."

சேவியர் சார் முகம் சுண்டிப்போயிற்று. "பார்க்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஊற்றி வைத்த டீயைக்கூடக் குடிக்காமல் பைக்கை எடுத்தார். டீச்சர் என் கையைப் பிடித்து, "கணக்கு தப்புன்னா தப்புன்னு சொல்லணும் பிள்ள" என்றார். நான் தலையாட்டினேன்.

டீச்சர் போன பிறகு இவர் சேவியர் சாரின் டீயை எடுத்துக் குடித்தார். "சீனி கம்மி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

அக்டோபர் 13, திங்கள்

சேவியர் சார் கூப்பிடவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

போனில் சார்ஜ் குறையாமல் பார்த்துக்கொள்கிறேன். தீபாவளி சமயம், யாராவது கூப்பிடுவார்கள் அல்லவா.

அக்டோபர் 16, வியாழன்

பாளையங்கோட்டை முதலாளி கூப்பிட்டார். "தீபாவளி எப்படிம்மா? சீட்டு காலியாத்தான் கெடக்கு" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பெருமாள் கோவிலுக்குப் போகிற வழியில் பஸ் ஸ்டாண்டில் காலை பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தேன். பொதுஅறிவுக்கு.

அக்டோபர் 18, சனி

முறுக்கு. மழை. முறுக்கு நமுத்துப்போயிற்று. இவர் கம்ப்யூட்டரை மறுபடி மாடிக்கு ஏற்றி, எல்லா வயரையும் சொருகி, மேஜையையும் துடைத்து வைத்திருக்கிறார். நான் கேட்கவே இல்லை. "நாளப்பின்ன வேலை வந்தா உக்காரணும்லா" என்றார். வேலை எங்கே வரப்போகிறது என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். பிறகு அவருக்குச் சூடாக நாலு முறுக்கு சுட்டுக் கொடுத்தேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்து, தலையை உலர்த்திக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சேவியர் சார்!

"ஹேப்பி தீபாவளிம்மா" என்றார். நானும் சொன்னேன்.  பிறகு சொன்னார்.

"அன்னைக்குச் சைட்டுக்குப் போயி, சாக்பீஸால தரையில கோடு போட்டு, ஆஸ்பத்திரியிலருந்து ஒரு வாக்கர வாங்கிட்டுவந்து நானே நடந்து பாத்தேன். திரும்பலம்மா."

"சார்…"

"இருபத்திரண்டு வருசமா வீடு கெட்டுதேன். எத்தன வீட்டுல இப்பிடி இருக்கோன்னு நெனச்சா தூக்கம் வரமாட்டேங்கு. டீச்சர் பிளான மாத்திட்டேன். இப்ப உனக்கு மூணு பிளான் அனுப்பிருக்கேன், மூணும் இன்னும் அஸ்திவாரம் தோண்டாதது. இனிமே என் பிளான் எல்லாமே மொதல்ல உங்கிட்டதான் வரும். படம் அழகா இருக்கணும்னுலாம் வேண்டாம். வீட்டுக்காரங்க பாக்கதுக்கு முந்தி நீ உள்ள நடந்து பாத்து, எங்க இடிக்குதுன்னு எங்கிட்ட மட்டும் சொல்லிரு."

"சரி சார்" என்றேன்.  போனை வைத்துவிட்டுக் கீழே ஓடி, சரவெடிக்குத் திரி கிள்ளிக்கொண்டிருந்தவரைப் பின்னாலிருந்து பிடித்து உலுக்கினேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு அந்த மனுஷர் பத்தாயிரம் வாலாவைத் தெருவின் நடுவில் விரித்தார். அது வெடித்து முடிவதற்குள் நான் பாளையங்கோட்டைக்குப் போன் போட்டு, வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கத்திச் சொன்னேன். வெடிச் சத்தத்தில் அவருக்கு எவ்வளவு கேட்டதோ, எனக்குத் தெரியாது.

கறி வேக நேரமிருந்தது. மாடிக்குப் போய் இரண்டாவது பிளானை எடுத்து, சோபா கீபா ஒன்றும் போடாமல் சுவர்களையும் மாடிப்படியையும் மட்டும் எழுப்பினேன். உள்ளே நடந்தேன். படியில் ஏறினேன். நின்றுவிட்டது. மறுபடி ஏறினேன். மறுபடி நின்றது. சேவியர் சாருக்குப் போன் போட்டேன்.

"சார், ரெண்டாவது வீட்டுல மாடிப்படி ஏறும்போது தலை இடிக்குது."

அந்தப் பக்கம் பிளானைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"எந்தத் தலைம்மா? சராசரி ஆளா?"

"இல்ல சார். என் உயரத்தப் போட்டுத்தான் ஏறுனேன். நான் அஞ்சடி."

 பிறகு மெதுவாக, "மூணாவது?" என்று கேட்டார். மூன்றாவது வீட்டில் நாளைக்கு நடக்கிறேன், கறி அடிப்பிடித்துவிடும் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.